மேசைக் காலில் கட்டிய டிஸ்க்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கீழே இறங்கினேன், மேலே ஏறினேன். அவ்வளவுதான் என் பயணம். கீழே அத்தானின் செயற்கைப் பல் செய்யும் லேப், மேலே வீடு. மாவு அண்ணன் பிளாஸ்டர் மாவில் தாடைகளை வார்த்துத் தருவார். நான் அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அத்தான் அதில் பல் வரைவார்.

அக்காவுக்குப் பிரசவம், கூடமாட ஒத்தாசைக்கு என்று பள்ளியை விட்டு வந்தேன். குழந்தை இப்போது ஓடுகிறது. நான்தான் நின்ற இடத்திலேயே.

தெருக்கோடியில் மாலை வகுப்பு நடக்கிறது. விட்ட பரீட்சையைத் தனியாக எழுதலாம். அக்காவிடம் கேட்டேன். நேரம் பார்த்து அத்தானிடம் சொல்கிறாளாம். அவளுக்கு நேரம் பார்க்கத் தெரியும், சொல்லத்தான் தெரியாது.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிட்டாள். அத்தான் முடியாது என்று சொல்லவில்லையாம். "இவ போனா ஸ்கேன யாரு எடுப்பா?" என்றாராம். வாசல் கேட் சாவி அவர் இடுப்பில்.

மேசைக்கு அடியில் தூசி துடைத்தேன். லேப்பின் எல்லா வேலைக்கும் நகல் வைக்கும் பேக்கப் டிஸ்க் அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை அது காணாமல் போய்க் குழந்தையின் பொம்மைகளுக்குள் கிடைத்தது. அன்றே அத்தான் கம்ப்யூட்டரில் சொருகி, கம்பியால் மேசைக் காலோடு கட்டிவிட்டார். இனி எப்படி ஓடுகிறது பார்க்கிறேன் என்றார், கன்றுக்குட்டியைக் கட்டியவர் மாதிரி.

வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன்?

மார்ச் 11, செவ்வாய்

காலையில் ஒரு தாடையும் திறக்கவில்லை. கோப்புகளின் பெயரெல்லாம் கோணல்மாணலாக மாறிக் கிடக்கிறது. திரையில் ஒரு கடிதம்: எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் சாவி தருகிறோம். கட்டிவைத்த டிஸ்க்கையும் பூட்டியிருக்கிறார்கள். சொருகியே இருந்ததே.

அத்தான் எல்லோர் முன்னாலும் என்னைத்தான் பார்த்தார்.

"ஊமச்சி, கண்டதையும் தொட்டியா?"

என் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

நான் தொடல. நான் தொடவே இல்ல. இங்க எழுதினா யாருக்குக் கேக்கும்?

மார்ச் 13, வியாழன்

கம்ப்யூட்டர் சரிசெய்யும் அக்கா ஒருவர் வந்தார். வந்ததும் முதல் வேலையாக எல்லா இணைப்பு வயர்களையும் கழற்றிப் போட்டார். மிச்சம் மீதிக்கும் பரவாமல் இருக்கவாம். பிறகு கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகக் குடைந்தார்.

கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று மாடியில் படுத்தபடியே பார்க்க அத்தான் இணையத்தில் ஒரு வழி திறந்து வைத்திருந்தார். கடவுச்சொல் லேப்பின் பெயரேதான். அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள்.

பணத்தைக் கட்டிவிடலாமா என்று அத்தான் அவரிடம் கேட்டார்.

"கட்டினா சாவி வரும்னு யாரு சொன்னா? திருடன்கிட்ட ரசீதா கேப்பீங்க?"

அத்தான் என் பக்கம் திரும்பவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் என் போன் இருந்தது.

மார்ச் 15, சனி

ஸ்கேன் முடிந்த மாவுத் தாடைகளைக் குப்பை வண்டிக்காரர் வாங்கமாட்டார். மூட்டையைப் பிரித்தால் அதுகள் சிரிக்கிறதாம். திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் அடைத்து வைத்திருந்தோம். இன்று மாவு அண்ணன்தான் நினைவுபடுத்தினார். காத்திருப்பவர்களின் தாடைகள் எல்லாமே அங்கே இருக்கின்றன.

கம்ப்யூட்டர் அக்கா சிரித்துவிட்டார். "இது உங்க ஏற்பாடு இல்ல சார், குப்பை வண்டிக்காரர் புண்ணியம். அடுத்த தடவ அவரு இருக்கமாட்டாரு."

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும். யார் செய்வது? வேறு யார். இனி வகுப்பு என்ற பேச்சையே எடுக்க முடியாது.

மார்ச் 22, சனி

தாடை. தாடை. தாடை. கண்ணை மூடினாலும் சிரிக்கிறார்கள்.

மார்ச் 28, வெள்ளி

கம்ப்யூட்டர் அக்காவின் புது ஏற்பாடு. அந்த மாடி வழியை அடைத்தாயிற்று. ஆளுக்கொரு கடவுச்சொல். இரண்டு டிஸ்க். தினமும் வேலை முடிந்ததும் நகல் எடுத்துக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் ஒன்று இந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

மேலே பீரோவில் வைத்துக்கொள்கிறேன் என்றார் அத்தான்.

"தீப்பிடிச்சா மாடிப்படி ஏறாதா சார்?"

அடுத்த தெருப் பல் மருத்துவர் தன் கிளினிக்கில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். தினமும் யார் கொண்டுபோவது? அத்தானுக்கு மாலையில்தான் வேலை நெருக்கும். அக்காவுக்குக் குழந்தை. மாவு அண்ணன் கையை விரித்தார். "என்னை நம்பாதீங்க. நான் பஸ்ல விட்ட டிபன் பாக்ஸ வச்சே ஒரு கடை போடலாம்."

அப்போது ஒரு குரல்: "நான் போறேன்." யாரென்று நானே திரும்பிப் பார்க்கப் போனேன்.

நேரே போய் நேரே வர வேண்டும் என்றார் அத்தான்.

மார்ச் 31, திங்கள்

போனேன். வந்தேன். வழியில் அந்த வகுப்பின் பலகை. நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, நடந்ததாலா?

ஏப்ரல் 9, புதன்

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்று கம்ப்யூட்டர் அக்கா ஒத்திகை வைத்தார். ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்துவிட்டு என்னைக் கிளினிக்குக்கு அனுப்பினார். நான் கொண்டுவந்த டிஸ்க்கிலிருந்து தாடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார், அதுவரை நின்றே இருந்தார்.

பிறகு வாசல் கேட்டுக்கு இன்னொரு சாவி வெட்டி வந்து என் மேசையில் வைத்தார். அவர் இல்லாத நேரத்திலும் டிஸ்க் போய்வர வேண்டுமாம். கம்பி இன்னும் மேசைக் காலில் இருக்கிறது, வெறும் வளையமாக.

மே 2, வெள்ளி

இப்போதெல்லாம் கிளினிக்கிலிருந்து நேரே வருவதில்லை.

இன்று படியேறும்போது அக்கா பையை வாங்கினாள். "ஒரு டிஸ்க்குக்கு இவ்ளோ கனமா?" என்று உள்ளே பார்த்தாள். டிஸ்க்கின் மேல் கணக்குப் பாடப் புத்தகம். கீழே அத்தானின் இயந்திரம் பல்லைக் கடைந்துகொண்டிருந்தது. அவள் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு புத்தகத்தை எடுத்துப் பையின் அடியில் செருகினாள்.

"டிஸ்க்க மேல வை," என்றாள். "பாத்தா அதுதான் தெரியணும்."