போர்வை ஒட்டிய தொட்டில்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நன்றாகவே இருக்கிறோம், அவருடைய முழங்கால் வலியும் என்னுடைய வாயும் வழக்கம்போல ஓய்வில்லாமல் இருக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டாச்சா என்பாய், நான் ஆச்சு என்பேன், அங்கே மழையா என்று கேட்பேன், அதற்குள் உனக்கு ஏதோ வேலை வந்துவிடும். எட்டு மாதமாக நாம் பேசுவது அவ்வளவுதான். இந்த விஷயத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடிக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் லீவில் வருகிறாய் என்றதும் உனக்காகப் பின்னறையை ஒழிக்க ஆரம்பித்தோம். அந்த அறையில் உனக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்கிறது. போன வருடம் நீ விசேஷம் சொன்ன அதே வாரம் அப்பா பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மரத் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கம்பி ஆடிக்கொண்டிருந்தது, மேலே யாரோ காப்பிக்கொட்டை நிறத்தில் பெயிண்ட் அடித்து, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, அதையும் பாதி பிய்த்து, பார்க்கவே கண்றாவியாக இருந்தது. பிள்ளை பிறக்கப் போவது அங்கே, தொட்டில் இங்கே எதற்கு என்று நான் கத்தினேன். "லீவுக்கு வந்தா புள்ளைய எங்க படுக்க வைப்ப, உன் தையல் மெஷின் மேலயா" என்று கேட்டார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், பிரஷ்ஷைப் பிடித்ததே இல்லை. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தார், குழந்தை வாயை வைக்கும் இடம் என்று மேல்சட்டத்தை மட்டும் மூன்று நாள் தேய்த்தார். நிறத்துக்கு ஒரு சண்டை. நான் பச்சை என்றேன், "பச்சை அடிச்சா டிப்போ மாதிரி இருக்கும், எனக்கு டிப்போவ பாத்தது போதும்" என்று இளமஞ்சள் வாங்கி வந்தார். தெருமுனைத் தச்சர் எட்டிப் பார்த்து, நல்லா காய விடுங்க, அவசரப்பட்டுக் கை வைக்காதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது பூச்சு அடித்து முடித்த மதியம்தான் மாப்பிள்ளை போன் செய்து அந்தச் செய்தியைச் சொன்னார். அப்பா கொடியில் கிடந்த போர்வையை உருவித் தொட்டில் மேல் போட்டு மூடினார், அறைக் கதவைச் சாத்தினார். பெயிண்ட் ஈரமாக இருக்கிறது என்பது அடித்தவருக்கே நினைவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டுதான் உன்னிடம் பேசினேன். "விடும்மா, வயசிருக்கு, அடுத்தது நல்லபடியா வரும்" என்றேன். "உனக்கு அது ஒண்ணுமே இல்ல, இல்லையாம்மா?" என்று நீ கேட்டாய். நான் அழுதால் நீ உடைந்துபோவாய், அம்மா என்றால் கல்லாக நிற்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். உனக்கு வேண்டியிருந்தது கூட உட்கார்ந்து அழ ஓர் ஆள். அதை நான் செய்யவில்லை. நீ கோபப்பட்டது நியாயம்தான்.

போன வாரம் அப்பா, அவ கண்ணுல படக்கூடாது, கடையிலயே திருப்பிக் கொடுத்துடலாம் என்று போர்வையை இழுத்தார். வரவில்லை. இருவருமாகப் பிடித்து இழுத்தோம், பிய்ந்துகொண்டு வந்தது, பாதிப் பஞ்சு பெயிண்டிலேயே நின்றுவிட்டது. கடைக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சார், தொட்டிலுக்கே ஸ்வெட்டர் போட்டு வச்சிருக்கீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்தது. அப்பா அவரிடம் இது விற்கிறதற்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாராம், அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையும் அங்கே அப்படி ஏதாவது குழாயைத் திறந்து வைத்திருப்பார், கொஞ்சம் கவனி.

மறுநாளிலிருந்து மறுபடி உப்புத்தாள். இப்போது தொட்டில் வெறும் மரமாகி, ஒரு பூச்சு பிரைமர் மட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் உட்காரும் பெஞ்சாக்கலாம், பலகை அடித்தால் புத்தக அலமாரியாகும் என்கிறார் தச்சர். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அது என்னவாக வேண்டும், என்ன நிறம், நீதான் சொல்ல வேண்டும். பார்க்கவே வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, நீ வருவதற்குள் தச்சர் பட்டறைக்குப் போய்விடும், ஏன் என்று நான் கேட்கமாட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றாலும் சரி.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. இருவரும் நீண்ட ஆயுளோடு, மனம் ஆறி, ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம். வரும்போது கிழிந்த பழைய உடுப்பு ஒன்று மறக்காமல் கொண்டு வா, பெயிண்ட் பட்டால் போகாது. அந்தப் போர்வையை நான் எறியவில்லை. அன்று போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதிலாக அதை மடித்து உன் கட்டில் மேல் வைத்திருக்கிறேன், விரித்தால் கம்பி கம்பியாக மஞ்சள் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா