சோறு ஆறுதுங்க

அம்மணிக்கு,

உன் பாட்டு வந்த பேய்ப்படத்தைச் சிங்காநல்லூரில் பார்த்தேன். இது உனக்கு மூன்றாவது படமாம். திரையில் உன் பெயர் வந்ததும் சித்தப்பன் போட்டோ எடுத்துச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான்.

போன பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் போனை வைத்து அம்மா குரலைப் பிடித்துக்கொண்டு போனாயே, அதைக் கம்ப்யூட்டரில் இழுத்து நீட்டிப் பாட்டுக்குள் வைத்திருக்கிறாய். படத்தில் பாழடைந்த வீட்டுக்குள் பேய் கூப்பிடும் இடத்தில் அது வருகிறது. "ஏனுங்க, சோறு ஆறுதுங்க." பக்கத்து சீட்டுப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

உன்மேல் குறையில்லை. நீ பாட்டைக் கொடுத்தபோது அம்மா நன்றாகத்தான் இருந்தாள். எந்தக் காட்சிக்குப் போடுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் தினமும் போனேன். நாளையிலிருந்து வேறு படமாம். மெசின் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு அந்தக் குரலை மட்டும் என் போனுக்கு அனுப்பு கண்ணு. இனித் தியேட்டருக்குப் போக எனக்கும் கூச்சமாக இருக்கிறது.

இன்றைக்கு அவள் கூப்பிட்டதும், "வாரேன், எடுத்து வை" என்று சத்தமாகச் சொல்லிப்போட்டேன். எல்லோரும் சிரித்த பிறகுதான் நான் எழுந்து நிற்பதே எனக்குத் தெரிந்தது.

உன் அப்பா