சீட் இல்லையென்று சொன்னவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. விசா குத்தி வந்த உன் பாஸ்போர்ட்டோடு சேர்த்து இதை வைக்கிறேன். போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். வாட்சப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். பாஸ்போர்ட்டைத் தேடியாவது இந்த உறையைப் பிரிப்பாய் என்று ஒரு நப்பாசை.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வருகிற வியாழக்கிழமை இதயத்தில் ஆபரேஷன். வால்வு கெட்டுவிட்டதாம், மாற்ற வேண்டுமாம். டாக்டர் நல்ல மனுஷர், சுற்றிவளைக்காமல் பேசினார். இந்த வயசில் உத்தரவாதம் கொடுக்க முடியாது, செய்யாமல் விட்டால் அதைவிட மோசம் என்றார். உன் அத்தான்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறார். நான் போனால் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

நான் பார்க்கும் வேலை என்ன என்று அம்மாவுக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. டிக்கெட் போடும் ஆபீஸ் என்று மட்டும் தெரியும். ஒரு கம்பெனி தன் ஆட்களை வேலையாக வெளியூர் அனுப்பினால் டிக்கெட், ஓட்டல், கார், விசா, இன்ஷூரன்ஸ் எல்லாம் நாங்கள்தான் பார்க்கிறோம். யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு என்ன விலைக்குள் அறை என்று அந்தந்தக் கம்பெனியின் விதிகள் எங்களுக்கு அத்துப்படி. போன இடத்தில் புயல், கலவரம் என்றால் யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று தேடிப்பிடித்து வீடு கொண்டுவந்து சேர்ப்பதும் எங்கள் வேலை. ஜன்னல் சீட்டுக்காக என்னிடம் மல்லுக்கட்டிவிட்டு, ஏறியதும் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்குகிற பெரிய மனுஷர்களை நிறையப் பார்த்தாயிற்று. உன் கம்பெனியும் எங்களிடம் வந்தபோது அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "பையன் பறக்கிறான், பொண்ணு பறக்க விடுறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அப்பா போன அன்று நான் முதலில் திறந்தது கம்ப்யூட்டரை. அழக்கூட இல்லை, அழுதால் திரையில் எழுத்து தெரியாது. நீ அப்போது கம்பெனி வேலையாக வெளிநாட்டில் இருந்தாய். அன்று சாயங்கால விமானத்தில் உன் பெயரில் ஒரு சீட்டை ஹோல்டில் போட்டேன். டிக்கெட் அடிக்காமல் கொஞ்ச நேரம் நமக்கென்று நிறுத்தி வைப்பது அது. நீ சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பெற்றவர் தவறிவிட்டால் பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பலாம், யார் அனுமதியும் வேண்டாம், செலவு கம்பெனியுடையது என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது. அதையும் போனில் சொன்னேன். "பார்க்கிறேன் அக்கா" என்றாய். நேரம் முடிந்து அந்த சீட் கைவிட்டுப் போனது. மறுநாள் காலை விமானத்தில் இன்னொன்று பிடித்தேன். அதற்கு நீ போனையே எடுக்கவில்லை.

அப்புறம் அம்மாவுக்கு நீயே கூப்பிட்டாய். "டிக்கெட்டே கிடைக்கலம்மா, அக்காவாலயே முடியல, வேணும்னா அவளையே கேளுங்க" என்றாய். வேறு பொய்யே உனக்குத் தோன்றவில்லையா? காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பாஸ்போர்ட் தொலைந்தது என்று சொல்லியிருக்கலாம். டிக்கெட் போட்டே வயிறு வளர்க்கிறவளைச் சாட்சிக்கு இழுத்து, டிக்கெட் இல்லை என்றாயே!

அம்மா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். அப்பா கூடத்தில் கிடக்கிறார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளிடம், உன் பிள்ளைக்கு வர மனசில்லை என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன். நீ இல்லாமலே அப்பாவை எடுத்தோம்.

திரும்ப ஆபீஸ் போனபோது பக்கத்து மேஜைக்காரி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். அப்பாவை எடுத்த அன்று எங்கள் அவசர எண்ணுக்கு நீ கூப்பிட்டாயாம். அப்பா விஷயம் அவளுக்கு அப்போது தெரியாது, நீயும் மூச்சு விடவில்லை. கலகலப்பாகப் பேசி, நீச்சல் குளம் இருக்கிற ஓட்டலாகப் பார்த்து மாற்றிக் கேட்டாயாம். சொல்லி முடித்துவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உன் மீட்டிங் நன்றாக நடந்து பதவி உயர்வு கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நான் இந்த வீட்டில் வாங்குகிற பேச்சை நீ கேட்க வேண்டும். "ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுறா, கூடப் பிறந்தவனுக்கு ஒண்ணு போடத் துப்பில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்கிறாள். நான் தண்ணீர் நீட்டினால் வாங்குவதில்லை. அதே டம்ளரை உன் அத்தான் வாங்கிக் கொடுத்தால் குடிக்கிறாள். அவருக்கு உண்மை தெரியும். சொல்லித் தொலைத்துவிடேன் என்று பலமுறை சொல்லிவிட்டார். நான்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அம்மா தானாகவே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். ஓடிப் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குப் பண்ண மாதிரி பண்ணிடாதேடி. இந்தத் தடவையாவது அவனுக்கு ஒரு சீட் பிடிச்சுக் குடு. உன் கால்ல வேணாலும் விழறேன்" என்றாள். பெற்றவள் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இருக்கிற இதயமே இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. அவளைக் கொன்றவளாக நான் ஆகிவிடக் கூடாது.

புதன்கிழமை காலை நீ வெளிநாடு கிளம்புகிறாய் என்று தெரியும். அந்த டிக்கெட்டைப் போட்டதே எங்கள் ஆபீஸ்தான். அதில் நான் கைவைக்கவில்லை, அது என் வேலையும் இல்லை. ஆனால் அதே காலையில் இங்கே வர இன்னொரு டிக்கெட் உன் மெயிலில் இருக்கிறது. ஹோல்டு இல்லை, அடித்த டிக்கெட். கால் நீட்ட வசதியாக நடைவழி ஓரத்து சீட்டாகவே பார்த்துப் போட்டிருக்கிறேன். எந்த விமானத்தில் ஏறுவது என்பது உன் இஷ்டம்.

வந்தால் நான் எதுவும் கேட்க மாட்டேன். அம்மா எதிரில் சிரித்துப் பேசுவேன். பழையதைக் கிளற மாட்டார் என்று வேண்டுமானால் உன் அத்தானிடமும் சத்தியம் வாங்கித் தருகிறேன்.

வர மனசில்லை என்றால் அதையும் நீயே அம்மாவிடம் சொல்லிக்கொள். ஜுரம் என்று சொல், வேலை போய்விடும் என்று சொல், வாய்க்கு வந்ததைச் சொல். டிக்கெட் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே தம்பி. அவளை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே கதவுவரை நடக்கப் போகிறவள் நான். என் முகத்தைப் பார்க்காமல் அவள் உள்ளே போய்விடக் கூடாது.

நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு. உன்னை வெறுக்க எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா