உட்கார்ந்து திட்டியவருக்கு

இன்று காலை வைத்த பருப்புக் குழம்பில் உப்பு இல்லை. தகவல் சொன்னது நம் மகள். நானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். "சுத்தமா உப்பே இல்லம்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவளே போய் உப்பை எடுத்துவந்தாள். அந்தச் சாதாரணம் இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய் ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அடித்துக்கொண்டே இருந்த ஒருவரோடு நடந்த என் முதல் கல்யாணம் முடிவுக்கு வந்ததும் அதே கோர்ட்டில்தான். நீங்கள் அந்தத் தடத்தில் ஓடிய தனியார் பஸ்ஸின் கண்டக்டர். "ஏலே, தொங்காத! உள்ள எம்புட்டு இடம் கெடக்கு, ஏறி வாலே!" என்று நீங்கள் போடும் சத்தம் பஸ் முழுக்கக் கேட்கும். அடுத்த நிறுத்தத்துக்குள் அதே ஆளின் தூக்குச்சட்டியை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பீர்கள்.

நீங்கள் பெண் கேட்டு வந்தபோது அண்ணன் உங்களைப் பற்றி விசாரித்தார். எல்லோரும் நல்லவர் என்றார்கள். முதல் மாப்பிள்ளையைப் பற்றியும் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் என் கண்ணால் பார்த்ததை வைத்துச் சம்மதித்தேன். ஆனால் நம்பவில்லை. இரண்டு சேலையும் சர்டிபிகேட்டும் வைத்த பை ஒன்று கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

வீட்டில் நீங்கள் வாயே திறக்கவில்லை. சோறு குழைந்தாலும், தண்ணீர் பிடிக்க மறந்தாலும் ஒரு சொல் கிடையாது. முதல் கல்யாணத்தில் அவர் அடிப்பதற்கு முன்பும் வீடு அப்படித்தான் இருக்கும். பஸ்ஸில் அவ்வளவு கத்துகிறவர் வீட்டுக் கோபத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியாமல் தவித்தேன். காத்திருப்பதைவிட வாங்கிக்கொள்வது மேல் என்று ஒருநாள் மதியம் வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்தேன். முழுவதும் சாப்பிட்டீர்கள். "செத்த மோர் ஊத்து" என்றீர்கள். நான் ஊற்றிய மோர் தட்டில் விழாமல் தரையில் கொட்டியது.

"என்னட்டி, ஒடம்புக்கு என்ன செய்து?"

"உப்பில்லன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"பொறவு ஏன் சொல்லல? எல்லாத்தையும் சேத்து வச்சு என்னைக்கு அடிக்கப் போறீங்க?"

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தீர்கள். "நீ அம்புட்டுப் பட்டுட்டு வந்திருக்க. நான் வேற சத்தம் போடணுமான்னுதான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்."

"நீங்க பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு."

கொஞ்ச நாளில் உங்கள் காக்கிச் சட்டையைத் தேய்க்கும்போது தீய்த்துவிட்டேன். இந்த முறை வேண்டுமென்று செய்யவில்லை. உங்கள் முகம் மாறியது. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தீர்கள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தீர்கள்.

"ஏட்டி, கண்ண எங்க வச்சுக்கிட்டுத் தேய்ச்ச? இருக்கதே ஒத்தச் சட்ட! மொதலாளிகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

நான் பின்வாசலுக்கு ஓடிவிட்டேன். நீங்கள் எழுந்து வரவில்லை. முக்காலி நகரும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து விசில் சத்தம். "திட்டி முடிச்சாச்சு! ஏறுதவங்க ஏறலாம்!"

அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு அதுவே உங்கள் வழக்கமாகிவிட்டது. நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர், என்மேல் கோபம் வந்தால் மட்டும் உட்கார இடம் தேடுவீர்கள். மடவார் வளாகம் கோயில் வாசலில் ஒருமுறை நான் குடையைத் தொலைத்ததற்கு, ஒரு வளையல் கடைப் படியில் உட்கார்ந்து திட்டினீர்கள். "என்ன அண்ணாச்சி, கால் வலியா?" என்று கேட்டார் கடைக்காரர். "இல்ல, கோவம்" என்றீர்கள். அவர் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கட்டிலுக்கடியிலிருந்த பை எப்போது காலியானது என்று எனக்கு நினைவில்லை. எதையும் குறித்துவைக்கிற எனக்கு அது மட்டும் தெரியாமல் போயிற்று. ஏதோ ஒரு நாள் கட்டுவதற்குச் சேலை தேவைப்பட்டு எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் கோபப்பட்ட பிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் உங்களை நம்பினேன். அத்தனை முறையும் பொறுமையாகப் பார்க்கவிட்டீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி.

இப்போது அலுவலகத்தில் நான் நாற்காலியை இழுத்தாலே இளைய நிருபர்கள் நழுவப் பார்க்கிறார்கள். உங்கள் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு செய்தி. மகள் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். "ரொம்ப நல்லவரும்மா, அவருக்குக் கோவமே வராது" என்றாள்.

"கோவம் வந்து நீ பாத்திருக்கியா?"

யோசித்தாள். "இல்லம்மா."

அதைப் பார்த்த பிறகு தேதி குறிக்கலாம் என்றேன். முறைத்தாள், பிறகு சரி என்றாள். அவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். நல்லவர் என்பது இப்போதைக்கு அவள் சொல்லிக் கேட்டதுதான். இன்னும் உறுதியாகவில்லை.