மூடியில் எழுதிய வருடம்

அன்புள்ள அம்மா,

அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே பஃபலோவில் பனியைத் தவிர எனக்கொரு குறையும் இல்லை.

போன மாதம் நம் மார்மன் சபையின் ஊழியப் பெண்கள் இருவர் கதவைத் தட்டினார்கள். நான் சபையை விட்டவள் என்று சொன்னால் போய்விடுவார்களோ என்று பயந்து, ஒன்றும் தெரியாதவள் போல முதல் பாடத்திலிருந்து கேட்கிறேன். வாரம் இரண்டு நாள் வீட்டில் பேச்சுக்குரல் இருக்கிறது.

நேற்று அவர்களில் இளையவள், "அக்கா, ஞானஸ்நானத்துக்கு உங்க அம்மாவையும் கூப்பிடுங்களேன்" என்றாள். எட்டு வயதில் எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க அப்பா என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்தபோது நீ துண்டோடு நின்றாய். நான் சபையை விட்டதிலிருந்து இரண்டு வருடமாக நீ பதில் போடவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

"எனக்கு அம்மா இல்லம்மா" என்றேன்.

மன்னித்துவிடு. நீ போடும் பீச் பழ ஜாம் ஒரு பாட்டில் அனுப்பு. கடிதம் வேண்டாம், ஜாம் போட்ட வருடத்தை மூடியில் எப்போதும் போல உன் கையால் எழுதியிருந்தால் போதும்.

பிரின்லி