பத்தாவது ஆள்

அன்பு மகனுக்கு,

நீ இருக்கும் ஸ்தவாங்கரில் மழையாமே, நனையாதே. நான் இருக்கிறேன். அப்பாவின் சப்பாத்து இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.

நான் துப்புரவு வேலை செய்யும் யூதக் கோயிலில் நேற்று ஒரு புதினமான விசயம் பார்த்தேன். ஒருவர் செத்துப்போன தாய்க்குச் செபம் சொல்ல நின்றார். அதற்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம். ஒன்பது பேர்தான் இருந்தார்கள். இளம் பெடியள் இதற்கென்றே போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஆள் குறைந்தால் கிட்ட நிற்கிறவன் ஓடி வருவான். அப்படி ஒருவன் சைக்கிள் தொப்பியோடு மூச்சு வாங்க வந்தான்.

"வா ராசா, நீ இல்லாட்டி நாங்கள் வெறும் ஒன்பது கிழவங்கள்," என்று ஒருவர் பகிடி விட்டார்.

செபம் முடிந்ததும் எனக்கு அறிய ஆசை வந்தது. "தம்பி, உனக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கோ?" என்று கேட்டேன்.

சிரித்தான். "அது தெரியேல்லை. நான் வராட்டி அந்த மனுசன் தாய்க்குச் செபம் சொல்லேலாது. அது தெரியும்."

சனிக்கிழமை அப்பாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. நம்பிக்கையில்லாமல் என்னத்துக்கு வாறது என்று போனில் கேட்டாய். இப்போது சொல்கிறேன். ஐயர் தர்ப்பை போட உன் விரல் வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் அப்பாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் உன்னுடையதைக் கழற்றி வைக்க இடமிருக்கிறது.

பார்த்திருக்கும்
அம்மா