சட்டையை மாற்றிக்கொண்டு வா

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்த என் அப்பாவுக்கு,

உங்களுக்குப் படிக்கத் தெரியாது. தஞ்சாவூரிலிருந்து நான் போட்ட கடுதாசிகளை எல்லாம் தெருவில் யாரையாவது பிடித்து உரக்கப் படிக்கச் சொல்லித்தான் கேட்பீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் நாலு பேர் காதில் விழும்படி எழுதுகிறேன். கேட்டால் கேட்கட்டும்.

முதலில் நல்ல சேதி. கூலித் தகராறில் தம்பி வீரையன் மேல் போட்டிருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். தாசில்தார் முன்னால் மிராசுதார்களும் சங்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேசியதில் அறுப்புக்கூலி கொஞ்சம் கூடியிருக்கிறது. கரைவேட்டிக்காரர்கள் ஆட்சிக்கு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று ஓட்டுப் போட்ட விரலை எனக்குக் காட்டினீர்களே, எல்லாம் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் கூலி பேசப் போனால் நம் ஆட்களுக்கும் பெஞ்சு போடுகிறார்கள். வழக்குப் போய்விட்டதால்தான் நானும் இதை இப்போது வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

இனி என் சேதி. அது அவ்வளவு நல்ல சேதி இல்லை.

தீயணைப்பு வேலையில் சேர்ந்து காக்கி போட்ட நாளிலிருந்து என்னைப் போலீஸ் என்று நினைத்தவர்கள் ஏராளம். பூதலூர் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்க மாட்டார். பூதலூர் கடைத்தெருவில், நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாத அந்த டீக்கடையில், எனக்கு முன்னால் நிற்பவரைத் தாண்டி எனக்கு டீ வரும். அதுவும் கண்ணாடிக் கிளாசில். நம் தெரு ஆட்களுக்கென்று வெளியே ஆணியில் தகரக் குவளை தொங்கும் கடை அது. ‘நான் போலீஸ் இல்லைங்க, நெருப்பு அணைக்கிறவன்’ என்று ஒருநாளும் ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. ஓசியில் வரும் மரியாதை கசக்குமா என்ன?

உங்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. “தெருவுக்குள்ள வர்றப்ப சட்டைய மாத்திக்கிட்டு வாடா பக்கிரி. பாக்குறவங்களுக்கு வயித்தக் கலக்குது” என்றீர்கள். கூலித் தகராறு வந்தாலே காக்கிச் சட்டைகள் நம் தெருவுக்குள் எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் பெற்ற பிள்ளை நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்பதில் பெருமைப்படத் தெரியாதவர் என்று உங்களையே சொன்னேன். அப்புறம் ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன்.

நீங்கள் போன சேதி வந்தபோது டியூட்டியிலிருந்து அப்படியே ஓடிவந்தேன். நான் தெருமுனையில் இறங்கியதும் உங்களுக்காக அடித்த பறை நின்றது. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அந்த அழுகையிலும் எனக்குள் ஒரு மூலையில், ‘பரவாயில்லை, நம் தெருவும் நமக்கு மரியாதை தருகிறது’ என்று ஓடியது. உங்கள் பிணத்தருகே நின்றுகொண்டு அப்படி நினைத்தேன் அப்பா. பயத்துக்கும் மரியாதைக்கும் வித்தியாசம் தெரியாத மடையன்.

போன மாசியில் கூலி கேட்டு நம் ஆட்கள் அறுப்புக்கு இறங்காமல் இருந்தபோது, ஒரு மத்தியானம் நம் தெரு பற்றிக்கொண்டது. யார் வைத்த நெருப்பு என்று ஊருக்கே தெரியும், இன்றுவரை யாரும் சொல்லவில்லை. தஞ்சாவூரிலிருந்து வண்டி கிளம்பியது. ஹமீது அண்ணன் ஓட்டினார். வண்டிக்குப் பொறுப்பு நான்.

நாங்கள் மணியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் தெரு வயல்பக்கம் ஓடியது. பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். நெருப்பைப் பார்த்து ஓடவில்லை. எங்களைப் பார்த்து ஓடினார்கள். குளம் எங்கே என்று எனக்குத் தெரிந்ததால் பம்புக்குத் தண்ணீர் கிடைத்தது. இல்லையென்றால் காட்டக்கூட ஆள் இல்லை.

ஓடாமல் நின்றது அம்மா மட்டும்தான். நம் வீட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கதவு பூட்டியிருந்தது. பக்கத்துக் கூரை எரிந்து, நம் கூரையின் ஓரக்கீற்றில் பொறி ஏறிக்கொண்டிருந்தது.

“உள்ள ஆள் இருக்கா?” என்று கேட்டேன். எந்தத் தீயிலும் முதலில் கேட்கிற கேள்வி அது.

“யாரும் இல்லைங்க. பூட்டின வீடுங்க” என்றது அம்மா. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னது.

வெளியே பூட்டிய வீட்டில் ஆள் இருக்க முடியாது, நேரத்தை வீணாக்காமல் அடுத்த கூரையைப் பிரி. இதுதான் எங்கள் வழக்கம். கொக்கியைக் கையில் எடுத்தும் விட்டேன். ஆனால் இத்தனை வருஷத்தில் எத்தனை தீ பார்த்திருக்கிறேன். வீடு மட்டும் எரிகிறவள் பெட்டியை எடு, ஆட்டை அவிழ் என்று தொண்டை கிழியக் கத்துவாள். அம்மா ஒரு பானையைக்கூட வெளியே எடுத்து வைக்கவில்லை. கத்தவும் இல்லை. உள்ளே உயிர் இருக்கிறவள்தான் அப்படி வாயடைத்து நிற்பாள்.

“அம்மா, சாவியக் குடு.”

“யாரும் இல்லைங்க.”

போலீஸ் தேடிக்கொண்டிருந்த வீரையனை அம்மா உள்ளே வைத்து, ஆளில்லாத வீடு மாதிரி வெளியே பூட்டியிருக்கிறது. காலில் அடிபட்டுக் கிடந்தவன் அவன். பிள்ளை வெந்தாலும் காக்கிக்காரன் கையில் சிக்கக்கூடாது என்று நின்ற அம்மாவுக்கு, எதிரில் நின்ற காக்கிக்காரனும் தன் பிள்ளைதான் என்பது போதவில்லை. எப்படிப் போதும்? நான்தானே ஊரெல்லாம் போலீஸாகத் திரிந்தேன்?

சட்டையைக் கழற்றி வீசினேன். பனியனோடு நின்று மறுபடி கேட்டேன். அம்மா என்னையும் பின்னால் காக்கியோடு நின்ற என் வண்டி ஆட்களையும் மாறிமாறிப் பார்த்தது. தலைக்கு மேல் கீற்று சடசடத்தது.

“புடிச்சுக் குடுக்க மாட்டேன்னு உங்கப்பா மேல சத்தியம் பண்ணுடா.”

உங்கள் மேல் சத்தியம் பண்ணினேன். அப்புறம்தான் சாவி முந்தானை முடிச்சிலிருந்து வெளியே வந்தது.

தம்பி பரணுக்குக் கீழே சுருண்டு கிடந்தான். மூச்சு இருந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தி வெளியே இழுத்துப்போட்டேன். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் நிஜப் போலீஸ் வேன் வந்து நின்றது. நான் திகைத்து நிற்க, ஹமீது அண்ணன்தான் என் சட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். “இவனுக்குப் போடு. பட்டனை மாட்டு. மிச்சத்த நான் பாத்துக்குறேன்” என்றார். தம்பிக்கு என் சட்டை, என் தொப்பி. தீயணைப்பு ஆளுக்கு அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று ஹமீது அண்ணன் கத்தியதும் வேன் பின்னால் நகர்ந்து வழிவிட்டது. நெருப்பு அதற்குள் அடங்கியிருந்தது. அவனை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதை வழக்கு முடிந்த பிறகும் நான் சொல்வதாக இல்லை.

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். பனியன், கரி, சேறு. வயலிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு நடுவில் ஒருத்தன். ஒரு போலீஸ்காரர், என்னைவிட வயதில் சின்னவர், லத்தியை என் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். “ஓரமாப் போய் உக்காருடா.”

‘நான் யார் தெரியுமா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது அப்பா. தம்பி போன வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது, உங்கள் மேல் பண்ணிய சத்தியத்தின் சூடு ஆறவில்லை, அப்போதும் என் வாய் அதற்குத்தான் திறந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன். கரியான நம் வீட்டு வாசலில், உங்களை எத்தனையோ முறை உட்கார வைத்த மாதிரி, குந்தி உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நெஞ்சில் பட்டது ஒரு தள்ளல்தான். அதற்கே எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. நீங்கள் இதை வாங்கிக்கொண்டு மறுநாள் எப்படி வயலுக்குப் போனீர்கள்? ஒருநாளாவது உங்களிடம் கேட்டிருக்கலாம் இல்லையா?

வீரையன் இப்போது நடக்கிறான். தழும்பைக் காட்டிச் சிரிக்கிறான். “உன் சட்டை ரொம்ப லூசுண்ணே” என்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்குப் படையல். வேட்டி கட்டிக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். இனி ஊருக்குள் அந்தச் சட்டையைப் போடுவதே இல்லை என்று பெரிய மனுஷன் மாதிரி வேறு சொன்னேன். அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமல் சொன்னது:

“அந்தச் சட்டையோடவே வா. நெருப்பு அணைக்கிறவன் யாரு, அடிக்கிறவன் யாருன்னு சனங்க தெரிஞ்சுக்க வேணாமா? இன்னொரு தரம் பத்திக்கிட்டா எந்த வீட்ட எவ பூட்டிக்கிட்டு நிப்பாளோ. நீ வாயத் தொறந்து சொல்லாம வேற யாருடா சொல்லுவா?”

நீங்கள் மாற்றச் சொன்னதை அம்மா போட்டுக்கொண்டு வரச் சொல்கிறது. இரண்டும் ஒரே பயத்துக்குத்தான் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

வருகிறேன் அப்பா. காக்கியோடு வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் போலீஸ் இல்லை என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறேன். பூதலூரில் இறங்கி, அந்த டீக்கடையில் நான் எந்தத் தெரு, யார் மகன் என்று சொல்லிவிட்டு ஒரு டீ கேட்கிறேன். கடைக்காரர் கை கிளாசுக்குப் போகிறதா, ஆணிக்குப் போகிறதா என்று பார்க்கிறேன். ஆணிக்குப் போனால், வெறும் வயிற்றோடு அங்கிருந்து நடந்தே வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன்.

இப்படிக்கு,
மாரிமுத்துவின் மூத்த மகன்
பக்கிரிசாமி